கட்டில் கால்

நேற்று என் வேளச்சேரி வீட்டில், அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த தேக்குக் கட்டிலுக்குப் பாலிஷ் போடுவதற்காகத் தச்சர் ஒரு காலைச் சுரண்டியபோது எழுந்த மரத்தூள் வாசனை, இப்போது கார்கள் நிற்கும் எங்கள் பழைய மயிலாப்பூர்க் கொல்லைக்கு, அங்கே தகரக் கொட்டகையில் ஞாயிறு முழுக்க உறுமிக்கொண்டிருந்த அப்பாவின் கடைசல் மெஷினுக்கு என்னை இழுத்துப் போனது. சுருள் சுருளாக உதிரும் சீவல் அவர் முழங்கை முடியில் ஒட்டியிருக்கும். தீபாவளி வந்தால் அத்தைகளுக்குக் குங்குமச் சிமிழ், எனக்குப் பம்பரம், அம்மாவுக்கு மத்து என்று எல்லாவற்றையும் அவரே கடைந்து தருவார். மரம் ஏது என்று கேட்டால் மட்டும், "கெடச்சுது" என்பார். அம்மா மத்தை முகர்ந்து பார்ப்பாள்; பிறகு நாற்காலி, மேசை, ஊஞ்சல் என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, கடைசியில் கட்டில் கால்களைத் தட்டிப் பார்ப்பாள். எல்லாம் சரியாகவே இருக்கும். அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் வலுக்கும்.

"இந்தக் கால் தேக்கு இல்லம்மா, வேப்பமரம். அதே மாதிரி கடைஞ்சு கலர் அடிச்சிக்கீறாங்க," என்றார் தச்சர்.

உள்ளறையில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அம்மா நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மத்த மூணையும் சுரண்டுப்பா."