கொடும்பாவிக்கு ஒரு பேன்ட்

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அந்த நாளில் பேன்ட் போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. மற்றவர் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்த அமெரிக்கர். மிச்சப் பேர் எல்லாரும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பட்டு நெய்கிறவர்கள். அவர்களுக்கு வேட்டியே போதும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எழுபத்தொன்றாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில் என் மாமா அமெரிக்காவின் கொடும்பாவியைக் கொளுத்துவது என்று தீர்மானித்தார். கொடும்பாவிக்குப் பேன்ட் தேவைப்பட்டது.

மாடி அண்ணன் என்றுதான் அந்த அமெரிக்கரை நான் கூப்பிடுவேன். ஓரிக்கைப் பக்கத்து ஊர்களில் கோழி வளர்க்கக் கற்றுக்கொடுப்பதற்காக அவருடைய நாட்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கோழிகள் அமெரிக்காவின் தயவில்லாமலே குஞ்சு பொரித்துக்கொண்டுதான் இருந்தன என்பது அப்பாவின் அபிப்பிராயம். இருந்தாலும் அவரைப் பிடிக்காதவர்கள் யாருமில்லை. தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டு வந்தவர். "நான் கோழிகளைப் பார்வையிடச் செல்கிறேன். நண்பகலில் திரும்பி வருவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறுவார்.

"என்னாப்பா இது, டிராமாவுல ராஜா பேசற மாதிரியே பேசறே" என்று அம்மா சிரிப்பாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. என்னோடு பல்லாங்குழி ஆடி, தினமும் தோற்பார். வேண்டுமென்றே தோற்கிறார் என்பது தெரிந்தும் நான் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்வேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அந்த ஐப்பசியில் ஒருமுறை மட்டும் இரண்டு நாள் அவர் சாப்பிடக் கீழே வரவில்லை. அவர் ஊரிலிருந்து ஒரு நீலக் கடிதம் வந்திருந்தது. தபால்காரரிடம் வாங்கி மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான். வயிறு சரியில்லை என்றார். அம்மா ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் பழையபடி சைக்கிளில் கிளம்பிவிட்டார். நாங்களும் மறந்துவிட்டோம். அம்மா மறக்கவில்லை போலிருக்கிறது.

டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. அமெரிக்கா அந்தப் பக்கம் நிற்கிறது என்றார்கள். பிறகு ஒருநாள், அமெரிக்காவின் போர்க்கப்பல்கள் வங்காள விரிகுடாவை நோக்கி வருகின்றன என்று பேப்பரில் வந்தது. காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. அதற்காகப் பயமும் இருக்கக் கூடாதா என்ன? முன்னொரு காலத்தில் எம்டன் கப்பல் மெட்ராஸில் குண்டு போட்டபோது மூட்டை முடிச்சோடு எங்கள் ஊருக்கு ஓடிவந்தவர்களின் கதை தெருவில் எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை நாங்கள் எங்கே ஓடுவது என்பதுதான் பேச்சு.

ஒரே வாரத்தில் ஊர் மாறிப்போனது. பள்ளிக்கூடத்தில் மதியம் அமெரிக்கக் கோதுமை உப்புமாவைத் தின்றுவிட்டு, அந்தத் தெம்பிலேயே சாயங்காலம் "அமெரிக்கா ஒழிக" என்று கத்தினோம். மாடி அண்ணனின் டிரான்சிஸ்டர் ரேடியோ திடீரென்று எல்லார் கண்ணிலும் பட்டது. அதை வைத்துக் கப்பலுக்குத் தகவல் அனுப்புகிறார் என்றார் ஒருவர். எந்த ஊரில் எத்தனை கோழி என்று அவர் எழுதி வைத்திருந்த நோட்டு, ரகசியக் குறிப்பாகிவிட்டது.

தெரு நாட்டாண்மைக்காரர் ஒருநாள் மத்தியானம் அப்பாவைத் தேடி வந்தார். தெருவின் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் பெரியவர்.

"நல்ல புள்ளதான்பா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா தெருவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிடு."

பட்டு நெசவுக்குப் பாவு நூலை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்ட வேண்டும். பத்துப் பேர் வந்து கை கொடுக்காமல் அது நடக்காது. தெருவைப் பகைத்துக்கொண்டவன் வீட்டுப் பாவுக்கு ஒரு கை வராது. அப்பா மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையாக வந்தது.

மாமாவுக்கு அதெல்லாம் கவலையில்லை. "உலகம் பூரா கொளுத்திக்கினு இருக்கிறான். காஞ்சிபுரம் மட்டும் சும்மா இருந்தா நாளைக்கு நம்மள யாரு மதிப்பா?" என்று கேட்டுவிட்டு, தன் சிநேகிதர்களோடு வைக்கோல் பொம்மை கட்ட ஆரம்பித்தார். முதலில் அதற்கு லுங்கிதான் சுற்றினார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் பக்கத்துத் தெரு ஜரிகை வியாபாரி மாதிரியே இருக்கிறதே என்றார்கள். அந்த வியாபாரிக்கு அடியாட்கள் உண்டு. எனவே பேன்ட் போட்டால்தான் அமெரிக்கா என்று தெரியும் என முடிவாயிற்று. மாமாவிடம் டெர்லின் பேன்ட் ஒன்று இருந்தது. நாட்டுக்காக உயிரையே கொடுப்பேன் என்று நாலு பேர் முன்னால் பேசியவர், பேன்ட்டைக் கொடுப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ கேட்டா அவரு குடுப்பாரு. ஸ்கூல்ல டிராமான்னு சொல்லு."

"மாட்டேன் மாமா. அவரத் திட்டறதுக்கு அவருகிட்டயே கேக்கறதா?"

"அவர யாரு திட்டறா? பொம்மையக் கொளுத்திட்டா தெருவுக்குக் கோவம் தீந்துடும். அப்புறம் ஆள யாரு வெளிய அனுப்பப் போறா? அண்ணன் இங்கயே இருக்கணுமா வேணாமா?"

அண்ணன் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. மாடிக்கு ஓடினேன்.

"யாருடைய வேடம்?" என்று கேட்டார். முன்கூட்டி யோசித்து வைக்காததால் "கலெக்டரு" என்றேன். அவர் பெட்டியைத் திறந்து பழுப்பு நிறப் பேன்ட் ஒன்றை எடுத்தார். இடுப்பில் பொத்தான் அறுந்திருந்தது. ஊசி நூல் தேடி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வேறு பொத்தான் வைத்துத் தைத்தார். "கலெக்டர் பொத்தான் இல்லாமல் வரக் கூடாது" என்றார். நான் நின்ற இடத்திலேயே நெளிந்தேன். பொய் சொல்லி வாங்குகிற பொருளுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று இருந்தது. மறுநாள் அவரைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை தெருவில் யார் வீட்டுப் பாவோ நீட்டியிருந்தது. அதைச் சுருட்டி எடுக்கும்வரை ஏகாதிபத்திய எதிர்ப்பு காத்திருக்க வேண்டியதாயிற்று. பதினோரு மணிக்குப் பொம்மை வெளியே வந்தது. பழுப்புப் பேன்ட், யாரோ கொடுத்த சட்டை, அட்டைத் தொப்பி. மாமா தொண்டை கிழியக் கத்தினார். பையன்கள் பின்பாட்டு. இதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

ஆனால் எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரிந்த கொடும்பாவி ஒன்றே ஒன்றுதான். மழை பொய்த்துப்போனால் வைக்கோல் பொம்மை செய்து தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் தலைவிரித்து, மார் அடித்து, சொந்த வீட்டில் சாவு விழுந்தது போல ஒப்பாரி வைப்பார்கள். பிறகு கொளுத்திவிட்டுத் தலை முழுகுவார்கள். இது வேறு கொடும்பாவி என்று அவர்களிடம் சொல்ல மாமா மறந்துவிட்டார். கொடும்பாவி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே போட்டது போட்டபடி எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அம்மாதான் முன்னால். அவள் ஒப்பாரிக்கு நாலு தெருவில் பேர் உண்டு. பொம்மையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்கள்.

மாமா "அமெரிக்கா!" என்றார். "ஒழிக!" என்பதற்குப் பதிலாக "ஐயோ, என் ராசாவே!" என்று வந்தது.

"யக்கா, இது அழுவற கொடும்பாவி இல்ல. திட்டற கொடும்பாவி" என்று மாமா கெஞ்சினார்.

"போடா. அழுவாம கொளுத்தினா தெருவுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து மாடி அண்ணனின் சைக்கிள் தெருவுக்குள் திரும்பியது. கோஷம் நின்றது. பையன்கள் ஒதுங்கினார்கள். ஒப்பாரியை மட்டும் பாதியில் நிறுத்த முடியாது, அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கினார். பேன்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசலில் நின்ற அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை, அப்படியே கீழே விட்டார். அழுகிற பெண்களுக்குப் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார். பேன்ட்டுக்காக அழுகிறார் என்று நான் நினைத்தேன்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ வீடுகளில் அழுதவள் அவள். எது சடங்கு அழுகை, எது சொந்த அழுகை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராகம் அதேதான். சொல்லை மாற்றினாள். கண்காணாச் சீமையில் கண்மூடிப் போனாயோ, தாய்மடி காணாமல் தனியாகப் போனாயோ என்று பாடினாள். மற்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது யாரும் மழைக்காக அழவில்லை. பொம்மைக்கு யார் தீ வைத்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. மாமா இல்லை; அவர் கையில் தீப்பெட்டியோடு நின்றுகொண்டே இருந்தார்.

எல்லாம் எரிந்து முடிந்ததும் அம்மா "எழுந்திரிப்பா, தல முழுவணும்" என்று மாடி அண்ணனைக் கொல்லைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். "டேய், தண்ணி சேந்துடா" என்று மாமாவையும் இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மாமா வாளி வாளியாக இறைத்து அவர் தலையில் ஊற்றினார்.

"யாருப்பா போனது?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"என் தம்பி. வியட்நாம் போரில் இறந்துவிட்டான். அவனுடைய இறுதிச் சடங்குக்கு என்னால் செல்ல இயலவில்லை."

"எத்தினி வயசு?"

"பத்தொன்பது."

மாமாவுக்கும் பத்தொன்பதுதான். அவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிறகு அடுத்த வாளியை ரொம்ப மெதுவாக ஊற்றினார். அன்றைக்குப் பிறகு அவர் கோஷம் போட்டு நான் கேட்டதில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு நாட்டாண்மைக்காரர் வந்தார். அப்பா எழுந்திருப்பதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். அவள் பெரியவர்கள் எதிரில் பேசி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"உள்ள வராதீங்க. தீட்டு. மாடிப் புள்ளையோட தம்பி தவறிட்டான். பதினாறு கழியட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"எப்போம்மா?"

"செத்து மாசம் ஆவுதாம். அழுதது இன்னைக்குத்தாங்க. அழுத நாள்ல இருந்துதான கணக்கு?"

எந்த சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் துக்கம் கழியாதவனை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். நாட்டாண்மைக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். சில நாளில் சண்டையே முடிந்துவிட்டது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாடி அண்ணன் அடுத்த சித்திரை வரைக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

இதில் அந்த எட்டு வயதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. அண்ணனைக் காப்பாற்ற அம்மா ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறாள். கிணற்றடியில் அவருக்கு வசனம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அவரும் அதை டிராமாவில் பேசுவது போலவே பேசியிருக்கிறார். நான் பேன்ட்டுக்குச் சொன்ன பொய்யெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு? எனக்கு அவர்கள் இருவரையும் நினைத்து ஒரே பெருமை. "நல்லா நடிச்சீங்கண்ணா" என்று அவரிடமே சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, "நன்றி" என்றார்.

பதினாறாம் நாள் அம்மா வடை பாயசத்தோடு சமைத்தாள். பொய்யானாலும் கடைசிவரை சரியாகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கூடத்தில் மாடி அண்ணனுக்கு ஒரு இலை போட்டாள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு இலை போட்டு, இரண்டிலும் ஒன்று போலப் பரிமாறினாள். எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படைப்பதென்றால் படம் இருக்கும், விளக்கு இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஆகையால் யாரோ விருந்தாளி வரப்போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாரும் சுவரோரமாக நின்றார்கள். மாடி அண்ணன் தன் இலையில் கை வைக்காமல் பக்கத்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது, எனக்கோ நல்ல பசி. இவர்கள் எல்லாம் சும்மா நிற்கிறார்களே, நாமாவது போய்ப் பார்ப்போம் என்று வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடி வரை போய் இரண்டு பக்கமும் பார்த்தேன். திரும்பி வந்து அவர் பக்கத்தில் குனிந்து, "யாரையும் காணோம் அண்ணா. இனிமே வரமாட்டாரு, நீங்க சாப்பிடுங்க" என்று சொன்னேன்.