எட்டடி வலை

அம்பிட்டியவில் கலாராணி வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடுகிற கொடி இருக்கிறதே, அது சாதாரண ஆட்கள் கட்டுகிற உயரத்தில் இல்லை. பக்கத்து வீட்டு றிஸானா ஒரு நாள் மழை தூறவும் கலாராணியின் துணியை எடுத்துவைக்க ஓடிவந்து, இரண்டு தரம் எம்பிப் பார்த்துவிட்டு, "யாருக்கு ராணி இந்தக் கொடி? வானத்துல பறக்கிற மலக்குமாருக்கா?" என்று கேட்டாள். கேட்கத்தான் செய்வாள். கலாராணியே ஐந்தடிக்கு ஒரு விரல் குறைச்சல். தினமும் காலையில் நுனிக்காலில் நின்று, எம்பி, ஈரத்துணியை வீசித்தான் போடுகிறாள். வீசினால் கொடியின் மேல் கச்சிதமாக விழும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆறு மாதமாக வலது தோளில் வலி. கண்டியில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் பதினோரு வருடம் குனிந்தே கிடந்த தோள், வலிக்காமல் என்ன செய்யும்? "கொடியக் கொஞ்சம் எறக்கிக் கட்டுறேனே" என்று புருஷன் சுரேஸ் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். "அதுல கைய வச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும்" என்பாள். ஏன் என்று கேட்டால் அடுத்த துணியைப் பிழிய ஆரம்பித்துவிடுவாள்.

ஏன் என்பது மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது.

அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கரப்பந்தாட்டம், அதுதான் வாலிபால், ஆடிய ருசி மட்டும் கையை விட்டுப் போகவில்லை. அவளைப் போலவே இன்னும் ஐந்து பெண்கள் இருந்தார்கள். அதில் லோஜினிக்குப் பத்தொன்பது வயது, ஆறு பேரிலும் நெட்டை, வாய் மட்டும் அவளைவிட நீளம்.

தோட்டத்துக்கு மைதானம் ஒன்றுதான். அது பையன்களின் கிரிக்கெட்டுக்கு என்று பட்டயம் எழுதாத குறை. ஆறு பேருமாகச் சேர்ந்து தோட்டத் தலைவர் இருளப்பனிடம் போய் நின்றார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"வேலவிட்டு வந்தா அடுப்பு வேல கெடக்கு. பொம்பளப் புள்ளைங்களுக்குப் பந்து எதுக்கு?"

"அஞ்சு மணிலருந்து ஆறு மணி வரைக்கும், ஒரு மணித்தியாலம் மட்டும் குடுங்க தலைவரே. அப்புறம் அடுப்பு எங்கயும் ஓடிப்போயிராது" என்றாள் கலாராணி.

மனிதர் கடைசியில் இறங்கி வந்தார், ஆனால் சும்மா இறங்கவில்லை. "அடுத்த வருஷம் தெல்தெனியவுல போட்டி இருக்காமே. அதுக்குப் போங்க. தோட்டத்துப் பேரக் கெடுத்துட்டு வந்தீங்கன்னா, நானே வந்து கம்பத்தப் புடுங்கிருவேன்."

கம்பம் இருந்தால்தானே பிடுங்குவது? வலையும் இல்லை, பந்தும் இல்லை. எல்லாவற்றையும் கலாராணிதான் செய்தாள். லொறியில் கொழுந்து ஏற்றுகிற நைலான் வலைச்சாக்குகளில் கிழிந்தவற்றைக் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி வாங்கி, பிரித்து, வெட்டி, கோணி ஊசியால் ஒன்றோடொன்று கோத்தாள். கோதுமை மா சாக்கை மடித்து மேல்நாடா தைத்தாள். பள்ளிக்கூடத்தில் தோல் உரிந்ததென்று தூக்கிப்போட்ட பந்துக்கு, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்கில் ஒரு சட்டை தைத்துப் போட்டாள். கிழிந்த சுவெட்டர் கைகளுக்குள் மெத்தைப் பஞ்சை அடைத்தால் முழங்காலுக்குக் கவசம். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே!

வலை எத்தனை உயரம்? பழைய வாத்தியார் தொலைபேசியில் சொன்னார்: பெண்களுக்கு ஏழடி நாலு அங்குலம். அளக்க நாடா இல்லை, மட்டக்கம்பு இருந்தது. கொழுந்தை ஒரே மட்டத்தில் பறிக்கிறோமா என்று தேயிலைச் செடியின் மேல் கிடத்திப் பார்க்கிற கம்பு அது. மட்டக்கம்பு என்றால் மூன்றடி என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கம்பு இரண்டு தரம், மேலே ஒன்றரைச் சாண், நாலு விரல். அந்த உயரத்தில் யூக்கலிப்டஸ் கம்பங்களில் வலையை இழுத்துக் கட்டினாள்.

முதல் வாரம் ஒருத்தியாலும் பந்தை வலைக்கு மேலே அடிக்க முடியவில்லை. "அக்கா, ஏணி ஒண்ணு கொண்டாங்க" என்றாள் லோஜினி.

"குதிடி. தானா எட்டும்."

குதித்தார்கள். பகலெல்லாம் மலையில் ஏறி இறங்கிய கால்கள்தான், ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலம் அவை வேறு யாருடைய கால்களோ போல எழும்பின. பக்டரியிலிருந்து தேயிலை வறுக்கும் வாசம் வரும். மூடுபனி இறங்கிப் பந்தை மறைக்கும். யாரும் தண்ணீர் கேட்கமாட்டார்கள், யாரும் பேர் சொல்லி அதட்டமாட்டார்கள். கலாராணி பந்தை உயரத் தூக்கிக் கொடுக்க, லோஜினி எங்கிருந்தோ வந்து அறைவாள். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காக எத்தனை வசவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று கலாராணிக்குத் தோன்றும்.

ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் மாறித் தெல்தெனியவுக்குப் போனார்கள். மைதானத்தில் கால் வைத்ததுமே லோஜினி கலாராணியின் காதைக் கடித்தாள். "அக்கா, வலை தொங்குது. தோட்டத்து ஆளுங்கதானேன்னு ஏமாத்தப் பாக்குறாங்க."

கலாராணிக்கு ரத்தம் கொதித்தது. நேரே நடுவரிடம் போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில், வலையைச் சரியான உயரத்துக்கு ஏற்றச் சொன்னாள். நல்ல மனிதர், கோபிக்கவில்லை. அளவுகோலைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டினார். ஏழடி நாலு அங்குலம். "உங்கள் ஊரில் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். கலாராணி கம்பத்தில் வலைக்கு மேலே ஒரு சாண் தள்ளிக் காட்டினாள். அவர் அளவுகோலை அங்கே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எட்டடி. அது ஆண்கள் ஆடுகிற உயரம், தங்கச்சி."

வேலியோரம் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்போதுதான் கலாராணிக்கு உறைத்தது. வலை கட்டுவதற்கு முந்தின மழைக்காலத்தில் பழைய மட்டக்கம்பு உடைந்துபோய், புதிதாக ஒன்று வெட்டினாள். அகலமான செடிக்கு எட்டட்டும் என்று கொஞ்சம் நீளமாகவே விட்டாள். அதைச் சுத்தமாக மறந்தே போனாள். அடிப்பாவி, ஒரு வருடம் இந்தப் பிள்ளைகளைப் பிழையான வலையில் ஆட வைத்துவிட்டாயே! அவளுக்கு அங்கேயே பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது.

முதல் சுற்றைச் சொல்லவே வேண்டாம். பழகிய உயரத்துக்கு அடித்த பந்தெல்லாம் கோட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் பறந்தன. இருபத்தைந்துக்கு ஒன்பது. கலாராணியின் கண்ணுக்குள் இருளப்பன் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ஐந்து பேரையும் பக்கத்தில் இழுத்தாள். "பிழை என்னோடது. என் கம்பு நீளம். ஏசுறதுன்னா பஸ்ஸுல வச்சு ஏசுங்க. இப்ப அந்த வலைய மறந்துட்டு, அவங்க காலடியப் பாத்துக் குத்துங்க."

லோஜினி ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு எதையோ கணக்குப் போட்டவளாக, "அப்ப இத்தன நாளா நாம ஆம்பிளைங்க வலையிலயா அடிச்சோம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

இரண்டாம் சுற்றில் அவள் எழும்பினால் இடுப்புக்கு மேலே முழுக்க வலைக்கு மேல் இருப்பது போலிருந்தது. பந்து மண்ணில் குத்தி எழும்பியது. வேலியோரச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சுற்று இவர்களுக்கு. மூன்றாவது, பதினைந்து புள்ளிச் சுற்று, பதின்மூன்றுக்குப் பதின்மூன்று வரை போய், கடைசி இரண்டு புள்ளியில் கைநழுவிப் போனது. தோற்றுத்தான் வந்தார்கள். அதை மாற்றிச் சொல்ல முடியாது.

மறுநாள் ஐந்து மணிக்கு இருளப்பன் மைதானத்துக்கு வந்தார். பின்னால் கிரிக்கெட் பையன்கள், கம்பம் பிடுங்குவதைப் பார்க்க வந்த கூட்டம். கலாராணி பேச வாயெடுப்பதற்குள் லோஜினி முன்னால் வந்தாள்.

"புடுங்குங்க தலைவரே. அதுக்கு முன்னாடி இந்த ராசாக்கள ஒரு தரம் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. இது ஆம்பிளைங்க வலையாம், நடுவரே சொன்னாரு."

பையன்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவன் வலையில் அடித்தான். ஒருவன் வலைக்குக் கீழே அடித்தான். மூன்றாமவன் குதித்து, விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போனான். பிறகு லோஜினி அடித்தாள். இருளப்பன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "அஞ்சுலருந்து ஆறு" என்றார். "ஒரு நிமிசம் கூடக் கூடாது." பிறகு வந்த வழியே போய்விட்டார்.

வலையை இறக்கிக் கட்டக் கலாராணி கைவைத்தபோது, "வேணாம்க்கா, அப்படியே இருக்கட்டும்" என்று ஐந்து பேரும் சொன்னார்கள்.

நாலு வருடம் ஆடினார்கள். பிறகு கல்யாணம், பிள்ளை, கொழும்பு, குவைத் என்று ஆளுக்கொரு பக்கம். வலை மழையில் இற்றுப்போனது. மட்டக்கம்பை மட்டும் கலாராணி அம்பிட்டியவுக்குக் கொண்டுவந்தாள். கொடி கட்டியதும் அதை வைத்துத்தான்.

போன ஞாயிறு, அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, சுரேஸ் கொடியை இறக்கிக் கட்டிவிட்டார். மனுஷன் நல்லது நினைத்துத்தான் செய்தார். திங்கள் காலை கலாராணி வழக்கம்போல நுனிக்காலில் எம்பி, பழகிய உயரத்துக்கு ஈரச்சட்டையை வீசினாள். அது கொடிக்கு மேலே பறந்து, அந்தப் பக்கம் மண்ணில் போய் விழுந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. சுரேஸ் பதறிப்போய் ஓடிவந்தார். பின்வாசல் படியிலேயே உட்கார்ந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள், லோஜினியை, இருளப்பனை, பந்தின் சட்டையை. கேட்டுவிட்டு அவர் உள்ளே போய் மட்டக்கம்பை எடுத்துவந்தார்.

"தோள் வலி என்ன ஆகும்?"

"வலிக்கட்டும். நீங்க அளங்க."

"ரெண்டு கம்பா?"

"ரெண்டு கம்பு. மேல ஒன்றரைச் சாண், நாலு விரல். சாணு என்னோடதுதான், உங்களோடது பெருசு" என்றாள். அவர் கம்பைத் தூக்கிப் பிடிக்க, தண்ணீர்ப் பீப்பாயின் மேல் ஏறி நின்று, கம்பு நுனிக்கு மேலே சாணை விரித்து வைத்தாள்.