யப்பான் தட்டி

எண்பதுகளின் கடைசியில் லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் இருந்த பிளாட்டில் ஒரு படுக்கையறையும் ஒரு ஹோலும்தான். சித்தி ஊரிலிருந்து தனியாக வந்து சேர்ந்தபோது ஹோலின் ஒரு மூலையை அவருக்கு ஒதுக்கினார்கள். சித்தப்பா பின்னால் வருவதாக ஏற்பாடு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி பாங்கொக்கில் காத்திருந்தார்.

மூலையை மறைக்கச் சேலை கட்டலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது, அம்மா துப்புரவு வேலைக்குப் போன வீட்டு வெள்ளைக்கார மனுசி வீடு மாறும்போது பழைய யப்பான் மடக்குத் தட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டார். மங்கிய பொன்தாளில் ஆறும் மரங்களும் நாரைகளும். அப்பா அதைச் சுவர் மாதிரி நேராக நிறுத்தப் பார்த்தார், அது அவர்மேலேயே சாய்ந்தது. மடித்து மடித்து வைத்தால்தான் நிற்கும் என்று கண்டுபிடித்ததைப் பெரிய சாதனையாகச் சொல்லித் திரிந்தார்.

படம் தன் பக்கம் இருக்கவேண்டும் என்று சித்தி கேட்டார். வந்ததிலிருந்து அவர் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். எங்களுக்குக் கிடைத்தது தட்டியின் முதுகு. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் சித்தியின் கட்டிலில் ஏறிவிடுவேன். சித்தி இடப்பக்கத்திலிருந்து விரல் வைத்துக் கதை சொல்லுவார். முதலில் பனி, ஒற்றை நாரை. பிறகு சிவந்த இலைகள், பிறகு நாணல். கடைசியில் பூத்த மரத்தடியில் இரண்டு நாரைகள். “பார், வந்திட்டார்” என்று முடிப்பார். பனிக்குப் பிறகு இலை சிவப்பது லண்டனில் நடக்காத காரியம். சித்திக்கு ஊர் புதிது, எனக்கோ கதைதான் முக்கியம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் அப்படியொரு தட்டி. இதை வலப்பக்கத்திலிருந்துதான் பார்க்கவேண்டும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடோடி வந்தேன்.

“சித்தி, நீங்கள் பிழையாச் சொல்லுறீங்கள். முதல்ல ரெண்டு நாரை. பிறகு ஒண்டு போயிடும்.”

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. பிறகு என்னை இழுத்து மடியில் இருத்தினார். “அது யப்பான் ஆக்களுக்கு, குஞ்சு. நாங்கள் தமிழ் ஆக்கள். இஞ்சாலை, இடப்பக்கத்திலையிருந்துதானே வாசிக்கிறது.”

“ஓம்” என்றேன். சித்தி சொன்னால் எனக்கு அதற்குமேல் கேள்வியில்லை.

அன்றைக்கும் கதை பனியிலிருந்துதான் தொடங்கியது. பூமரத்தடிக்கு வந்தபோது சித்தியின் குரல் அடைத்துக்கொண்டது. பாங்கொக்கிலிருந்து போன் வருவது நின்று மாதக்கணக்காகிவிட்டது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. சித்திக்குச் சளித் தடிமன் பிடித்துவிட்டது என்று நினைத்து, என் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டேன்.