எண்ணெய் விடாத உருளை

எங்கள் தறிக் கொட்டகை வாசலில் ஆணியில் ஓர் இரும்பு உருளை தொங்குகிறது. பாவடிக் கிணற்றை மூடியபோது ஆளாளுக்குக் கல்லையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காற்று அடித்தால் ஒரே ஒரு தரம் 'கிரீச்' என்று கத்தும். யாரோ அரை வாளி இறைத்துவிட்டு ஏதோ யோசனையில் நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கும். என் வயதுக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டால் இன்னமும் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் அப்படித் திரும்புவதற்குக் காரணம் நான். என் வாய் செய்த வேலைகளில் அதுதான் பெரிது, அதுதான் கேவலம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரங்கூனில் குண்டு விழுந்து, எங்கள் பக்கத்து ஜனங்கள் காடு மலையெல்லாம் நடந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பதினேழு வயது. தறியில் உட்கார்ந்தால் நான் நெய்வது வேட்டியா கொசுவலையா என்று அப்பாவுக்கே சந்தேகம் வரும். ஆனால் பேச்சில் என்னை அடிக்க அருப்புக்கோட்டையில் ஆள் இல்லை என்று எனக்கு நினைப்பு. அப்போதுதான் வீரசோழன் ஊர்க்காரர் ஒருவர் ஒரு பெண்ணை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பர்மாவுக்குப் பிழைக்கப் போன என் சித்தப்பா அங்கே கட்டிக்கொண்ட மனைவி. சித்தப்பா வரவில்லை. "வழியில காய்ச்சல். நடக்க முடியல. மூணு நாளு இந்தம்மாதான் அவுகள முதுகுல தூக்கிட்டு நடந்துச்சு. நாலாம் நாளு நாங்க முன்னால போயிட்டோம். பெறகு இது மட்டுந்தான் வந்து சேந்துச்சு" என்றார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நின்ற வாக்கில் போய்விட்டார்.

சின்னம்மாவின் கையில் ஒரு மூட்டை. அதில் சித்தப்பாவின் சட்டை ஒன்று, முழங்கை நீளத்தில் ஒரு மரக்கட்டை. வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். சித்தப்பா அவருக்கு அதில் அக்கா, சோறு, உப்பு, தண்ணீர் என்று நாலைந்து சொல் கற்றுக்கொடுத்திருந்தார். "இத்தன தூரம் வெறகையா தூக்கிட்டு வந்தே?" என்று அம்மா கேட்டதற்கு, "அக்கா" என்று மட்டும் சொன்னார். அது விறகு இல்லை. தினமும் அதன் பட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி, வெளுத்த சாந்தாகக் கன்னத்திலும் நெற்றியிலும் பூசிக்கொள்வார். அது அவர்கள் ஊர் வழக்கம். எங்கள் தெரு அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. சப்பை மூக்கு என்றார்கள். கண்ணு திறக்கலையே, இன்னும் தூங்குதா என்றார்கள். இது எந்த ஜாதி என்று கேட்டு, பதில் கிடைக்காததால் மனுஷ ஜாதிதானா என்று அடுத்துக் கேட்டார்கள்.

அந்த வெறுப்பைத் தண்ணீரில்தான் முதலில் காட்டினார்கள். தறிக்குப் பாவு நூல் நீட்டும் பாவடி வெளியை ஒட்டி, திருச்சுழிப் பாதை ஓரமாக இருந்தது அந்தக் கிணறு. காலையில் தெருப் பெண்கள் இறைக்கும்போது சின்னம்மா கயிற்றைத் தொடக் கூடாது. பொழுது சாய்ந்தும் கூடாது. மிச்சம் இருந்தது உச்சிப் பொழுது. அந்த நேரத்தில் கிணற்றடியில் முனி இறங்கும் என்று எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த வேளையை அவருக்குக் கொடுத்தார்கள். அறுந்த நூலையெல்லாம் சேர்த்துத் திரித்து அவரே ஒரு கயிறு செய்துகொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குத் தெருவில் தறிகள் எல்லாம் ஒன்றாக நிற்கும். காலையிலிருந்து காதை நிறைத்த சத்தம் சட்டென்று இல்லாமல் போகும். கரிசல் வெடிப்பிலிருந்து அனல் எழும்பி, தூரத்துக் கருவேல மரங்கள் நெளியும். ஒரு காக்கைகூட இருக்காது. அந்த வெறுமையில் கிரீச், கிரீச் என்று உருளை கேட்கும். சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும். காலையில் இருபது பெண்கள் இறைக்கும்போதும் அதே உருளை அப்படித்தான் கத்தியது. தறிச் சத்தத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு.

பாளையம்பட்டி காப்பிக் கடையில் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். யுத்தத்தால் நூல் வரத்து நின்று, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்த காலம். சும்மா இருக்கிற கைக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும். நான் சொன்னேன்: "மூணு நாளு முதுகுல தூக்கிட்டு நடந்திருக்கு. நாலாம் நாளு அதுக்கும் பசிச்சிருக்கும்ல?" சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. வீடு திரும்புகையில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன்.

நான்கு நாளில் அந்தச் சிரிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கதை மட்டும் தெருவில் நடந்தது. சித்தப்பாவைத் தின்றது சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறதாம். அது காலடி வைத்ததால்தான் நூல் வரவில்லையாம். ஒரு நாள் மாடு தேடிப் போன நாட்டாமை மாமா, உச்சி வெயிலில் கிணற்று மேட்டில் ஒரு வெள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் விழுந்தார். எழுந்ததும் முடிவு சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை உச்சிக்குப் பேய் ஓட்டத் திருச்சுழிப் பக்கத்துக் கோடாங்கி வருவார். உடுக்கை அடித்து, வேப்பங்குழையால் விளாசி, உச்சி மயிரைப் புளியமரத்தில் ஆணி அடித்து, அந்தப் பெண்ணை ஊர் எல்லை தாண்டி விட்டுவிடுவது. தாண்டி எங்கே போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சின்னம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் தட்டில் உப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த உப்பு எனக்கு இறங்கவில்லை. நாட்டாமை மாமாவிடம் ஓடினேன். "மாமா, அது நான் கட்டி விட்ட கதை. சிரிக்கச் சொன்னது" என்றேன். அவர் திண்ணையில் சாய்ந்தபடியே என்னைப் பார்த்தார். "ஏலே, போன மாசம் ரயிலு வருதுன்னு சொல்லி எங்கள எல்லாம் வேகாத வெயில்ல நிக்க வச்ச. இப்ப இது. போலே அங்கிட்டு, ஒம் பேச்ச நாயி நம்பும்." வாழ்நாளில் முதல் தடவையாக நான் உண்மை பேசினேன், அதை வாங்க ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். சின்னம்மாவின் கட்டையை எடுத்து மளமளவென்று உரசி, முகம் பூராவும் அப்பிக்கொண்டு, அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு, சின்னம்மாவுக்கு முன்னால் கிணற்றடிக்குப் போனேன். என் மூஞ்சியிலும் அது வெறும் சாந்துதான் என்று ஊர் பார்க்கட்டும் என்பது திட்டம். கயிற்றை இழுத்தேன். கிரீச். தறிகள் நின்றன. அந்த அமைதி எவ்வளவு பெரியது என்று அங்கே நின்றால்தான் தெரியும். என் நிழல் என் காலுக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது. தினமும் இவர் இங்கேயா தனியாக நின்றார் என்று நினைத்தபோது, பின்னாலிருந்து ஒரு கை என் கன்னத்தைத் தொட்டது. கத்தினேன் என்று சொல்ல மாட்டேன். வாளி கிணற்றுக்குள் போய்விட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

சின்னம்மா. இடுப்பில் குடத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டையில் ஒரு மாதத்துக்கு ஆகிறதை நான் ஒரே நாளில் தீர்த்திருந்தேன். கோபம் இல்லை. திட்டுத்திட்டாக இருந்ததை விரலால் நிரவி, கன்னத்தில் வட்டமாக இழுத்துவிட்டார். மிகுந்ததை வழித்துத் தன் முகத்தில் பூசிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டம் மேடேறியது. ஒரு பேயைத் தேடி வந்தவர்களுக்கு இரண்டு கிடைத்தன. முதலில் ஓடியவர் கோடாங்கி. கொஞ்ச தூரம் போய், என் குட்டைக் காலை அடையாளம் கண்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வெட்கத்தில் அவர்கள் கோபம் இன்னும் ஏறியிருந்தது. சின்னம்மாவின் தலைமயிரை ஒருவர் பிடித்தும் விட்டார். அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்தார். அதுவரை சின்னம்மாவுக்குத் தள்ளி வைத்தே சோறு போட்டவர். "அவ தலைய விடுங்க. பேயி பிடிச்சிருக்கது எம் மகனுக்கு. பாத்தாத் தெரியல? அவனுக்கு அடிங்க உடுக்கய" என்றார். சேலையும் சாந்துமாக நின்ற என்னைப் பார்த்தால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது.

அடித்தார்கள். வேப்பங்குழை அப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. "யார்ரா நீ, சொல்றா" என்றார் கோடாங்கி. மனுஷனாக நான் சொன்னால் நம்பாதவர்கள், பேயாகச் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்? குரலை மாற்றிக்கொண்டு, "இவன் நாக்குல இருக்கேன். அந்தப் பொம்பள மேல நாஞ் சொன்னது அம்புட்டும் பொய்யி" என்றேன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதோடு என் நாடகம் முடிந்தது. ஆனால் உடுக்கை நிற்கவில்லை, என் வாயும் நிற்கவில்லை. "மூணு நாளு சொமந்தா. நாலாம் நாளு நாந்தான் எறக்கி விடச் சொன்னேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் வாயிலிருந்துதான் வந்தது. நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. தமிழ் தெரியாத சின்னம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னை அல்லாத யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

புளியமரத்தில் ஆணி அடித்தது என் கிராப்பு மயிரைத்தான். சின்னம்மா எங்கள் வீட்டிலேயே இருந்தார். தெரு ஒரே நாளில் திருந்திவிட்டது என்று சொன்னால் அதுவும் என் பழைய பொய்களோடு சேரும். சிலர் சின்னம்மா சாகிற வரைக்கும் அவர் கையால் தண்ணீர் வாங்கவில்லை. ஆனால் பேய் என்ற பேச்சு போனது. காலையில் இறைக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அவர் உச்சி வேளையையே வைத்துக்கொண்டார். அம்மா கூடப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து, பேச நன்றாகப் பழகிய பிறகு, ஒரு நாள் அவராகவே அம்மாவிடம் சித்தப்பாவின் கடைசி நாளைச் சொன்னார். "நான் விட்டிருக்க மாட்டேன் அக்கா. அவுகதான் எறக்கி விடச் சொன்னாக." அம்மா என்னைப் பார்த்தார். நான் தறியைப் பார்த்தேன். அந்த விஷயம் அதுவரை யாருக்கும் தெரியாது. குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பகலில் அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது, உச்சிப் பொழுது தவிர.

இப்போது தெருவெல்லாம் விசைத்தறி. மத்தியானம் கரண்டு போனால் அத்தனையும் ஒன்றாக நிற்கும். அதே பழைய அமைதி வந்து உட்காரும். நேற்றும் வந்தது. காற்றே இல்லை. உருளை ஒரு தரம் கத்தியது.

"அதுக்கு ஒரு சொட்டு எண்ண விடுங்களேன் மாமா, கொலயே நடுங்குது" என்றாள் மருமகள்.

"விடலாம்த்தா. விட்டா அவுக வர்றது எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். வழக்கம்போல விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் எழுந்து, சின்னம்மாவின் குடத்தை வாசலில் எடுத்து வைத்தேன்.