தொட்டு விளையாடும் கூடம்

எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, தில்லி ஆர்.கே.புரத்தில் அண்ணனுடைய குவார்ட்டர்ஸில் வந்து ஒட்டிக்கொண்டேன். எட்டு மாதம் விண்ணப்பம் போட்டு ஓய்ந்த பிறகு ஒரு வேலை கிடைத்தது. வீடியோ கேமின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சியில் வழிகாட்டி. மூன்று மாத ஒப்பந்தம். நீட்டித்தால் தில்லியில் இருக்கலாம். இல்லாவிட்டால் தீபாவளிக்கு ஊருக்குப் போய், அப்பா பார்த்து வைத்திருந்த சாத்தூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அண்ணன் முன்யோசனைக்காரன், ரயில் டிக்கெட்டே எடுத்து வைத்துவிட்டான்.

அந்தக் கூடத்தில் எதற்கும் கண்ணாடிப் பெட்டி கிடையாது. ஒவ்வொரு மெஷினிலும் விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும், அதுதான் பாடம். முதலில் இருந்தது இரண்டு வெள்ளைக் கோடும் ஒரு புள்ளியும் மட்டுமே உள்ள பந்தாட்டம். குமிழைத் திருகினால் கோடு மேலும் கீழும் நகரும். அடுத்து, காசு போட்டு ஆடும் பெரிய மெஷின்கள். பிறகு டிவியில் செருகி ஆடிய கேசட் கேம்கள். கடைசியில் கைபேசிக்குள் ஓடும் பாம்பு. வந்தவர்களுக்குத் தொடவே பயம். அரசாங்கக் கட்டடம் அல்லவா, எதைத் தொட்டால் யார் திட்டுவார்களோ! பயப்படாமல் தொடுங்கள் என்று இந்தியில் கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போனது.

அந்த முதல் மெஷின்தான் எங்கள் அதிகாரிக்கு உயிர். தஞ்சாவூர்க்காரர், தில்லிக்கு வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த மெஷின், அதற்கு ஒன்று ஆனால் அன்றைக்கே உங்கள் ஒப்பந்தம் காலி என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற மனுஷன்.

ஆயுத பூஜை வந்தது. சோறு போடுகிற சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமா என்று மதினி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய சந்தனப் பொடியையும் குங்குமத்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தில்லிக்காரர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது, வேடிக்கை பார்ப்பார்கள் என்று கூச்சம். கூடம் பூட்டும் நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வைத்தேன். பஸ் போய்விடும் என்ற பதற்றத்தில் சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்துத் தொலைத்தேன். மற்ற மெஷின்களுக்கு நெற்றி மாதிரி மேலே வைத்தவள், அந்த முதல் மெஷினுக்கு மட்டும் குமிழின் தலையிலேயே அப்பினேன். வழிந்ததைப் பார்த்தேன். நாளைக்குத் துடைத்துக்கொள்ளலாம் என்று ஓடிவிட்டேன். மறுநாள் தசரா விடுமுறை என்பதுகூட என் புத்தியில் இல்லை.

விடுமுறை முடிந்து போனால் குமிழ் அசையவில்லை. எல்லா மெஷினிலும் வெளியே தெரிந்ததையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளே இறங்கியதை என்ன செய்ய? அதிகாரி வந்தார், மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் குமிழைக் கழற்றி, இடுக்கில் காய்ந்திருந்த மஞ்சள் பொருக்கைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். அந்த மட்டமான சந்தனத்தில் வாசனை என்று ஒன்று இருந்தால்தானே. ஏதோ சப்ஜி மசாலா போலிருக்கிறது என்றார்.

அதிகாரி வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"லீவுக்கு முன்னாடி கடைசியா வந்தது கவர்மெண்ட் ஸ்கூல் பொண்ணுங்கதானே?"

"ஆமா சார்."

நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

"அச்சா. சாப்பிட்ட கையோட வந்திருக்காங்க. இனிமே அந்த மாதிரி ஸ்கூல் வந்தா கயிறு கட்டிடும்மா. தூர நின்னு பார்த்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அண்ணன் எடுத்து வைத்த டிக்கெட்தான் கண் முன்னால் நின்றது. வாயை மூடிக்கொண்டேன். மெக்கானிக் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அரை மணி நேரத்தில் குமிழ் பழையபடி சுற்றியது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அந்தப் பள்ளிக்குக் கண்டித்து ஒரு கடிதம் போனது. அதே வாரத்தில் என் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்தார்கள். அண்ணன் டிக்கெட்டை ரத்து செய்தான். மதினி கேசரி கிண்டினாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன்.

"என்னத்துக்குட்டி இப்படி அலையுத? அதான் வேலை நெலச்சாச்சுல்லா" என்றாள் மதினி.

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் கொடுத்த சந்தனம் என்று வருத்தப்படுவாள் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு.

மூன்று வாரம் கழித்து அதே பள்ளியிலிருந்து இன்னொரு வகுப்பு வந்தது. நான் கயிற்றைக் கட்டிவிட்டு வாசலுக்குப் போனேன். பிள்ளைகள் உள்ளே வராமல் வெளியே குழாயடியில் வரிசையாக நின்றிருந்தார்கள். டீச்சர் பையிலிருந்து ஒரு சோப்பை எடுத்து ஒவ்வொருத்தியாகக் கழுவ வைத்துக்கொண்டிருந்தார். நாற்பது பேரும் முடிக்கும் வரை நான் வாசலில் நிற்க முடியாமல் நின்றேன். அதிகாரி அவருடைய அறையில் இருந்தார். கயிற்றை அவிழ்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வரிசை உள்ளே வந்தது. யாரும் கேட்காமலேயே நாற்பது பேரும் கைகளை என் முன்னால் நீட்டினார்கள், முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை. ஈரம் சொட்டியது. பார்த்துக்கொள்ளுங்கள் மேடம், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் டீச்சர், ஏதோ மேலதிகாரியிடம் பேசுவதுபோல அடங்கிய குரலில்.

நான் வரிசையின் கடைசி வரை நடந்து எல்லாக் கைகளையும் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று பார்க்கச் சொன்னேன்.