செங்கல்ராயன் கடைப் படி

வெயிலில் காய்ந்த கல்லின் மேல் தண்ணீர் விழுந்ததும் எழுகிற வாசனை, என் மூக்குக்கு முன்னால் வலது கணுக்காலுக்குத்தான் தெரிகிறது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். பாதம் சுடக் கூடாதென்று எங்கள் தெருவார் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். யுத்த காலத்து ஆடி அது. நானும், எதிரே பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் என் மைத்துனன் செங்கல்ராயனும் போட்டி போட்டு ஊற்றினோம். அவன் கடையின் கருங்கல் படி தெருவுக்குள் இரண்டு முழம் நீண்டிருக்கும். அதைச் சுற்றி வந்தபோது, நானே நனைத்த சாக்கடை மூடுகல்லில் வழுக்கினேன். கால் இரண்டு கற்களின் சந்தில் நின்றுவிட்டது; உடம்பு மட்டும் முன்னே போய்விட்டது.

அரக்கோணத்து டாக்டரம்மா அழுத்திப் பார்த்துக் கணுக்கால் முறிவு என்றார். மாவுக்கட்டு (எலும்பு அசையாமல் கூடுவதற்காக ஈர மாவுத் துணியைச் சுற்றி இறுக வைப்பது) போட்டார்கள்.

"பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவேனாம்மா?" என்றேன். தெருக்கோடிப் பள்ளியில் நான் வாத்தியார்.

"எலும்பு கூடும். நடை எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல மாட்டேன்."

அந்த வாக்கியத்தோடு ஜன்னலோரம் படுத்தேன். இதே நிலையில் படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நான் மற்றவர் கால்களைப் பார்த்தேன். படி வந்ததும் எல்லாக் கால்களும் ஒரு வளைவு வளைந்து வண்டித் தடத்தில் இறங்கின. கூடைக்காரி, பிள்ளைத்தாய்ச்சி, தடி ஊன்றிய கிழவர். பதினைந்து வருஷம் நானும் அப்படி வளைந்திருக்கிறேன். தெரிந்ததே இல்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே யாருடைய காலோ இருந்தது. வெளிறி, மெலிந்து, செதில் உதிர்ந்து.

கக்கத்தில் கட்டைகளை ஊன்றி முதல் தடவை தெருவில் இறங்கினேன். என் மனைவி ராஜம்மா கூட வந்தாள். படியைச் சுற்றித் தடத்தில் இறங்கியபோது, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ் இருமிக்கொண்டு பின்னால் வந்தது. என்னால் துள்ள முடியவில்லை. ராஜம்மா இழுத்த இழுப்பில் நான் தப்பினேன். ஒரு கட்டை சக்கரத்தில் நொறுங்கியது.

அவள் தம்பியிடம் பாய்ந்தாள். "ஏண்டா, உன் படி மேல சாமியா குந்திகினு கீது? ஊரே சுத்திகினு போணுமா?"

"நைனா போட்ட படி அக்கா. எடுத்தா கடையே மூளியா பூடும்."

"உன் பாவா மூளியானா பரவால்லயா?"

அவன் கற்பூரத்தை அடுக்கினான்.

மூன்றாம் நாள் காலையில் உளிச் சத்தம் கேட்டது. செங்கல்ராயன் கல்தச்சனை வைத்துப் படியைப் பிளந்துகொண்டிருந்தான். பிளந்த பலகைகளை, வழுக்காதபடி முகம் கொத்தி, என் கால் மாட்டிய சந்தில் பதித்தார்கள். பிறகு மூன்று கடைக்காரர்கள் தெருவில் நீட்டியிருந்த தங்கள் கடைப் பலகைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பாத்திரக் கடைக்காரர் இன்னும் அசையவில்லை. அடுத்த ஆடியில் கல்லில் தண்ணீர் ஊற்றவில்லை. தெருவின் ஓர் ஓரமாக நந்தியாற்று மணலைப் பரப்பி அதை நனைத்தோம். அந்த ஓரத்தில் வண்டி வரக் கூடாதென்று பேச்சு.

இப்போது என் பஞ்சாங்கம் கால்தான். மழையை அது எனக்கு முன்னால் அறிகிறது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே முன்பு ஒரு நினைப்பு தூரம்தான். இன்று ஒவ்வொரு அடியும் தனியாக வருகிறது, தனியாகப் போகிறது.

கட்டையில்லாமல் பள்ளிக்குப் புறப்பட்ட முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. கடையருகே வந்ததும் என் கால் தானாகத் தடத்தின் பக்கம் வளைந்தது. செங்கல்ராயன் எழுந்து வந்து, சாப்பாட்டுத் தூக்கை என் கையில் சரியாக மாட்டிவிட்டான்.

"இன்னாத்துக்கு பாவா இன்னும் சுத்திகினு போறீங்க? அங்கதான் ஒண்ணும் இல்லியே. நேரா போங்க."