வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

ஆரணியில் ஒவ்வொரு வீட்டு நிலைக்கு மேலேயும் ஒரு எண் எரிந்துகொண்டிருக்கும். அது அன்புச்செல்வியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். தேவிகாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பாதித் தூக்கம் கண்ணில் இருக்க, தறிச்சத்தம் கேட்கிற தெருக்கள் வழியாக நடப்பாள். மாவிலை வாடித் தொங்குகிற வாசலில் எழுநூற்று நாற்பது என்று பச்சையாகத் தெரியும். புதுசாகப் பெயிண்ட் அடித்த மாடி வீட்டில் ஐந்நூற்றுப் பத்து என்று சிவப்பாக மினுக்கும். சில வீடுகளில் எண்ணே இருக்காது. வங்கிப் படியே மிதிக்காத சனங்கள். யார் சிரித்தாலும் சரி, அவள் பார்த்தது பார்த்ததுதான்.

அந்த வாசல்களில் ஆறு வருஷம் நின்றவள் அவள். குழுக்கடன் கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு வசூல் பார்த்தாள். அவள் வண்டிச் சத்தம் கேட்டதும் தறிக்குழிக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்த பெண்கள் உண்டு. அந்த வேலையை விட்டுவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்தாள். கட்டி முடித்தும் கணக்கில் முடியாமல் நிற்கிற கடன், வாங்காமலே பேரில் ஏறிய கடன் எல்லாவற்றையும் எழுதிப் போட்டு நீக்கி, கடன் கொடுக்கலாமா என்று வங்கிகள் பார்க்கிற சிபில் எண் கெட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்து தருவது தொழில்.

முதல் மாதம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடன் கேட்டுத்தான் வந்தார்கள்.

"கடன் குடுக்க மாட்டியா? அப்போ இன்னாத்துக்கு போர்டு மாட்டிகினு உக்காந்துருக்கே?"

விசைத்தறி வைத்திருக்கிற ஜெயக்குமாரோ ஐயாயிரத்தை மேசைமேல் வைத்தார். "நான் கட்டாத கடன ஒரு தட்டு தட்டி அழிச்சிடும்மா. ஜல்தி."

"கட்டாதத அழிக்க முடியாதுண்ணா. தப்பா ஏறுனத மட்டும்தான் எடுக்க முடியும்."

"இதுக்கு எதுக்கு ஒரு கடை? பேஜாரு!" என்று பணத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

அப்புறம்தான் ரேணுகாம்பாள் வந்தாள். வீட்டில் பட்டுத்தறி நெய்கிறவள். மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, மஞ்சள் பையிலிருந்து பழைய கடன் அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள். "வசூல் மேடம், சௌக்கியமா? உன் கையில கட்டுன கடன்தான். கட்டலன்னு கம்பெனி ஆளுங்க மூணு வருசமா சொல்றாங்க, இப்ப பேங்க்லயும் சொல்றான்."

மகள் கீதாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். படிப்புக் கடனுக்குத் தாய் கையெழுத்துப் போட வேண்டும். தாயின் பேரிலோ, மூன்று வருஷம் முன்பு கட்டாமல் விட்ட ஒரு தவணை வாராக்கடனாக நிற்கிறது. அறுநூற்று நாற்பது ரூபாய். கடைசித் தவணை.

"கம்பெனிலயும் போய்க் கேட்டேன். அட்டையில இருக்கற தேதியில அந்த மேடமே லீவு, இந்தக் கையெழுத்து செல்லாதுன்றாங்க. நீயே சொல்லு, இது உன் கையெழுத்தா இல்லியா?"

அவள் கையெழுத்துத்தான். தேதி, ஒரு வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து காசு வெளியே போனால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று ரேணுகாம்பாளுக்குப் பிடிவாதம். குழுக் கூட்டமோ வெள்ளிக்கிழமைதான். அதனால் வியாழன் சாயங்காலமே தவணையைக் கொடுத்துவிடுவாள். அன்புச்செல்வியும் மறுநாள் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பணத்தைப் பையின் உள்ளறையில் தனியாக வைத்து, மறுநாள் கூட்டத்தில் கணக்கில் ஏற்றுவாள். கம்பெனி விதிப்படி அது தப்பு. ஆனால் அந்தத் தெருவில் யார் விதியைப் பார்த்தார்கள்?

அட்டையைப் பார்க்கப் பார்க்க அறைச் சுவர் கரைந்துபோனது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருவதுபோல மெல்ல வந்தது. அப்பா வயலில் விழுந்துவிட்டார் என்று போன். ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக் கடை. பர்ஸ் காலி. பையின் உள்ளறையைத் தடவினால் மடித்த நோட்டுகள். பதற்றத்தில் தவணைப் பணம் ஞாபகமே வரவில்லை; சாமி கண்ணைத் திறந்தார், எப்போதோ நானே வைத்த காசு என்று நினைத்து அத்தனைக்கும் மாத்திரை வாங்கினாள். அப்பா பிழைத்துக்கொண்டார். பதினைந்து நாள் லீவு முடிந்து வந்தபோது அவளுக்கு வேறு தெரு கொடுத்திருந்தார்கள்.

"பாக்குறேன்க்கா," என்றாள்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். வழியில் ஒரு வாசலிலும் எண் எரியவில்லை. சத்தமில்லாமல் தானே அந்தப் பணத்தை அபராதத்தோடு கட்டிவிடலாம். ஆனால் கட்டினாலும் தவணை தவறியவள் என்ற கறை ரேணுகாம்பாள் பேரில் அப்படியே நிற்கும். கீதாவுக்குக் கடன் கிடைக்காது. அந்த வியாழக்கிழமையே பணம் வந்துவிட்டது என்று வாங்கினவளே எழுதிக் கொடுத்தால்தான் கறை போகும். எழுதினால், கடன் பேரைச் சரிசெய்கிறவளே காசைச் செலவழித்தவள் என்று ஊரே பேசும். அப்புறம் அந்த மாடிப்படியில் யார் ஏறுவார்கள்?

மறுநாள் காலையில் ரேணுகாம்பாள் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டாள். தறி நின்றது.

"என் காச எடுத்துக்கினியா நீ?"

"என் காசுன்னு நெனச்சி செலவழிச்சிட்டேன்க்கா."

"மூணு வருசம்டி! எங்கூட்டுக்காரரு என் மூஞ்ச மூஞ்ச பாத்துகினு, அந்தப் பணத்த இன்னா பண்ணே, இன்னா பண்ணேன்னு கேக்காத நாளில்ல." அன்புச்செல்வியின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துச் சேலையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இங்க நின்னு அழுவாத. போ. போய் எழுதிக் குடு."

கம்பெனி மேலாளர் ஜெயச்சந்திரன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இத மேல அனுப்பினா உனக்கு இனிமே எந்த ஃபைனான்ஸ்லயும் வேல கெடைக்காது. கேஸ் போட்டாலும் போடுவாங்க. யோசிச்சிக்கோம்மா."

"யோசிச்சிட்டேன் சார். இன்னிக்கே அனுப்புங்க."

கேஸ் வரவில்லை. அறுநூற்று நாற்பதையும் அதன் வட்டியையும் அவளிடமே வாங்கிக்கொண்டு, அவள் பேரை வேலைக்கு ஆகாதவர்கள் பட்டியலில் ஏற்றினார்கள். செய்தி மட்டும் தெருத் தெருவாகப் போனது. மூன்று வாரம் மாடிப்படியில் செருப்புச் சத்தமே இல்லை. வெயில் மேசைமேல் ஏறி, சுவரில் ஊர்ந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வாடகை கொடுக்கக் காதுத்தோடு அடகுக்குப் போயிற்று.

கடிதம் போன இருபத்தேழாவது நாள் ரேணுகாம்பாளின் பேரில் கறை போய்விட்டது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வங்கி கையெழுத்து வாங்கிக்கொண்டது. அன்று மாலை அவள் மறுபடி படி ஏறி வந்தாள். பின்னாலேயே பக்கத்து ஊர் சேத்துப்பட்டிலிருந்து ஒரு பெண், சின்னபொண்ணு, கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு தயங்கித் தயங்கி வந்து வாசலில் நின்றாள்.

"கீதாவுக்குப் பணம் கட்டியாச்சி," என்றாள் ரேணுகாம்பாள். "உனக்கு ஃபீஸு கீஸு எதுவும் கெடையாது, சொல்லிட்டேன்."

"நான் கேக்கவே இல்லியேக்கா."

"கேட்டுத்தான் பாரேன்!" என்று பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தாள். அப்புறம் வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "என் பேரக் கெடுத்தவ இவதான். தானே வந்து சொன்னா, தானே எழுதிக் குடுத்தா. நீ இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு இருக்கே? உள்ள வந்து உக்காரு."